பிள்ளைச் சீலையும் பிறர் கையும்

மார்கழி மாதத்திலே திருகோணமலையில் பிள்ளை பிறந்த வீட்டை இனங்காணுதல் எளிது. விறாந்தையில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டப்பட்டிருக்கும். அதில் வெள்ளைச் சீலைத் துண்டுகள் வரிசையாகத் தொங்கும். கடலின் பக்கமிருந்து வீசும் வாடைக்காற்றில் அவை ஆடும், ஆனால் உலரமாட்டா. கழிந்த மார்கழியில், உட்துறைமுகத்தை அடுத்த எங்கள் வீடும் அக்கோலம் பூண்டது. மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது.

பிறந்த குழந்தைக்கு நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை சீலை மாற்ற வேண்டும். நான்காம் நாளே வீட்டில் ஒரு வழக்கு எழுந்தது. அவற்றைச் சலவைக்கடைக்கு, அதாவது எம்மவர் ‘லோன்றி’ என வழங்கும் இடத்துக்கு, அனுப்பலாம் என்றாள் மகள். மனைவி ஒப்பவில்லை.

“ஊரான் கைபட்ட சீலையைப் பச்சைப் பிள்ளைக்குக் கட்டுறதோ?”

“கிணத்தடியில நிண்டு துவைக்கிறது நீங்கள்தானே அம்மா. உங்கட முழங்கால் தாங்குமோ?”

வழக்கு என்னிடம் வந்தது. முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவனுக்கு எதையும் இரு பக்கமாக எழுதிப் பார்க்கும் பழக்கம் போவதில்லை.

முதலில் வீட்டுச் சலவையை எடுத்துக்கொண்டேன். நனைந்த சீலையைக் கிடக்கவிட்டால், சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைத்து அமோனியாவாக்கும். கண்ணைக் கரிக்கும் அந்நெடி குழந்தையின் தோலையும் வருத்தும். ஆகவே உடனே அலசுதல் வேண்டும். அழுக்குப்பட்ட சீலையை 60 பாகைக்குக் குறையாத வெந்நீரில் துவைத்தல் நன்று. கிணற்று நீர் கடினமாயின், சவர்க்காரம் சுண்ணத்தோடு கூடிக் கசடாகி நூலிழைகளிலே தங்கும், துணி முரடாகும், நீரை உறிஞ்சாது. கடைசி அலசலில் சிறிது வினாகிரி சேர்த்தால் அக்குறை தணியும். பின்பு வெயில். காசு கேளாத கிருமிநாசினி அதனினும் வேறில்லை. ஆடியிலே கச்சான் காற்று வீசும்போது ஒரு மணி நேரத்தில் உலரும் துணி, மார்கழியில் மூன்று நாளாகியும் ஈரமாயிருக்கும். வீட்டுச் சலவையின் வலிமையும் மெலிவும் இதுவே.

சலவைத் தொழிலாளர் பக்கத்திலும் அறிவு உண்டு. உவர்மண் கரைத்த நீரில் நனைத்த துணிகளைத் தாழிமேல் அடுக்கி, கீழே தீமூட்டி, நீராவியில் அவிக்கும் வெள்ளாவி முறையைப் பழைய சலவையாளர் கையாண்டனர். அழுக்கையும் கிருமியையும் ஒருங்கே போக்கும் வழி அது. ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. யாருடைய துணி என அறியச் சேங்கொட்டைப் பாலால் குறியிடும் வழக்கமும் இருந்தது. அப்பால் சிலருக்குத் தோலழற்சி தரும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவிலிருந்த அமெரிக்கப் படையினர் பலருக்கு இதனால் புண் உண்டானதை 1943இல் மருத்துவர்கள் எழுதிவைத்துள்ளனர். குழந்தையின் துணிக்கு நிறநூல் தைத்த அடையாளமே போதும்.

வீசியெறியும் அணையாடையை வாங்கலாமே என அயலார் கூறினர். பிரித்தானியச் சூழல் முகவரகம் 2008இல் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, இரண்டரை ஆண்டுக் காலத்தில் ஒரு குழந்தையின் வீசியெறியும் ஆடைகள் ஏறத்தாழ 550 கிலோ கரியமிலவாயுவுக்குக் காரணமாகின்றன. சராசரி முறையில் துவைக்கப்படும் துணியாடைகள் 570 கிலோவுக்கு. ஆனால் இயந்திரம் நிறையத் துவைத்து, வெளிக்கயிற்றில் உலர்த்தி, இரண்டாம் குழந்தைக்கும் பயன்படுத்தினால் துணியின் கணக்கில் 200 கிலோ குறையும். எனவே துணி எது என்பதிலும் துவைக்கும் முறை எது என்பதே பெரிது.

இவ்வளவும் எழுதிய பின், எழுதாத கேள்வியொன்று எஞ்சியது. துவைப்பவர் யார்?

“ஊரான் கை” என்ற மனைவியிடம், “நீ பிறந்தபோது உன் சீலையைத் துவைத்தது யார்?” என்று கேட்டேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, “கட்டாடி வீட்டு ஆச்சி” என்றாள்.

ஆம். ஈழத்துத் தமிழ் ஊர்களில், முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும்வரை பேற்றுச் சீலைகளைத் துவைத்தவர்கள் கட்டாடி குடும்பத்துப் பெண்களே. நாம் தொடக் கூசியதை அவர்கள் தொட்டனர். அவர்கள் வெளுத்த மாற்றுச் சீலையின்றி நமது நன்மை தீமை எதுவும் நடந்ததில்லை. அவர்களையோ முற்றத்திலேயே நிறுத்தினோம். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் துணிக்குக் கஞ்சிப் பசையூட்டும் புலைத்தியைப் படித்து நயந்தோம். கந்தையை வாங்கி, பொழுது சாயுமுன் உலர்த்தித் தருவதாக வாக்களித்து, மழை விடாமையால் துவைகல்லிலே தலையை மோதத் துணிந்த திருக்குறிப்புத் தொண்டரை அறுபத்து மூவருள் ஒருவராகக் கும்பிட்டோம். உலராத் துணிக்காக உயிர்விட முனைந்த அவருடைய தொழிலைச் செய்தவர்க்கு ஒரு கதிரை கொடுக்க மறந்தோம். சாதியால் ஒருவரை விலக்குதலைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. பிரித்தானியர் இத்துறைமுகத் தளத்தைக் கையளித்ததும் அதே ஆண்டில்தான். கப்பல்கள் போய்விட்டன, மனத்திலுள்ள சில நங்கூரங்களைக் கிளப்ப அதனினும் நெடுங்காலம் பிடித்தது.

அக்கப்பல்களின் மாலுமிகள் சலவையாளரின் பெயரையே எடுத்து, தம் துணியைத் தாமே துவைப்பதையும் ‘டோபி’ என்றனர். ஆண்கள் துவைத்தால் கை தேய்ந்துவிடாது என்பதற்குத் துறைமுகமே சான்று.

ஆகவே என் தீர்ப்பு இரு பகுதியாயிற்று. அழுக்கைக் கழுவும் முதல் வேலை வீட்டாருடையது. அதுவும் பெற்றவளுடையதன்று, பாட்டியுடையதுமன்று. காலையில் மருமகன், மாலையில் நான். மழை நீங்கும்வரை, அலசிய சீலைகளை மட்டும் சலவைக்கடைக்குக் கொடுப்பது. கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்பது. தை பிறந்து வெயில் வந்ததும் எல்லாம் நம் முற்றத்துக் கயிற்றில்.

முதல் நாள் கிணற்றடியில் குந்தியிருந்து அலசியபோது என் முழங்காலும் வலித்தது. மகள் சொன்னது எத்துணை உண்மை என்பது அப்போதுதான் விளங்கிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே கல்லில் என் பிள்ளைகளின் சீலையைத் துவைத்த மனைவியிடம் ஒருநாளாவது இதைக் கேட்டிருக்கிறேனா என்று எண்ணினேன்.

மூன்றாம் நாள் சலவைக்கடைக்காரர் உலர்ந்த சீலைகளை மடித்து எடுத்துவந்தார். வெளியே மழை. படியிலேயே நின்று பொதியை நீட்டினார். மனைவி அதை வாங்கி, ஒரு சீலையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பின் அவரை உள்ளே அழைத்து, கதிரையை இழுத்துப் போட்டாள்.

“மழை விடட்டும் தம்பி. இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”

நாங்கள் குடிக்கும் அதே கோப்பையில்தான் தேநீர் வந்தது.