ஈயின் உணவும் குளிர் தாங்கும் ஆற்றலும்

கொல்கத்தாவில் ராஷ்பிஹாரி அவென்யூவில் அமைந்த லேக் மார்க்கெட், முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாழையிலையும் நாடித் தென்னிந்தியக் குடும்பத்தினர் வரும் சந்தையாகும். அங்குப் பழக்கடைகளில் மிகக் கனிந்த வாழைப்பழத்தின் மீதும் அன்னாசித் தோலின் மீதும் மொய்க்கும் சிற்றீக்களை யாவரும் கண்டிருப்பர். விலங்கியலார் டிரோஸோபிலா எனக் கூறுவது இவ்வீயையே. மாங்கனியைத் துளைத்து முட்டையிடும் பழ ஈ வேறு. களப்பணியாளர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

இவ்வீக்களை உருகும் பனிக்கட்டியின் நடுவே, அதாவது 0 டிகிரி ஸென்டிகிரேடில், சிறிது நேரம் வைத்தால் அவை கால் மடங்கி வீழ்ந்து அசைவற்றுக் கிடக்கும். இதுவே குளிர் மயக்கம் எனப்படும். உடல் நீரிலுள்ள சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றின் சமநிலை குலைந்து நரம்பும் தசையும் செயலிழப்பதால் இந்நிலை நேர்கிறது. வெதுவெதுப்பான இடத்திற்கு மாற்றியபின் ஈ எழுந்து நிற்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பதே அதன் குளிர் தாங்கும் ஆற்றலை மதிப்பிடும் எளிய அளவுகோல்.

இவ்வளவுகோலைக் கொண்டு காசி இந்துப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த சீமா சிசோதியா, பி. என். சிங் ஆகியோர் ஆற்றிய ஆராய்ச்சி 2012-இல் வெளியாயிற்று. அவர்கள் எடுத்துக்கொண்டது அன்னாசியின் பெயரையே தாங்கிய டிரோஸோபிலா அனனாஸே என்னும் இனம். புழுப்பருவத்தில் ஒரு சாராருக்குப் புரதம் மிகுந்த உணவும், மற்றொரு சாராருக்கு மாவுச்சத்து மிகுந்த உணவும் அளிக்கப்பட்டன. மாவுச்சத்து உண்டு வளர்ந்தவை குளிரையும் பட்டினியையும் நன்கு தாங்கின. புரதம் உண்டு வளர்ந்தவையோ வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கின. முட்டையும் மிகுதியாக இட்டன. புழுவாக இருந்தபோது உண்டது, சிறகு முளைத்த பின்னரும் உடலில் நின்று பயன் தருகிறது என்பதே இதில் கருதத்தக்கது.

அங்ஙனமாயின் சர்க்கரையை வாரி இறைத்தால் போதுமோ எனில், அன்று. பிரான்சு நாட்டுக் கொலினே முதலியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மெலனோகாஸ்டர் என்னும் மற்றோர் இனத்தின் உணவில் சர்க்கரைகளைக் கூட்டியபோது குளிர் தாங்கும் ஆற்றல் குறையவே செய்தது. இனமும் வேறு, உணவுக் கலவையும் வேறு; ஆதலின் இரு முடிவுகளையும் நேருக்கு நேர் நிறுத்துதல் பொருந்தாது.

வியக்கத்தக்க முடிவு செக் நாட்டிலிருந்து வந்தது. கோஷ்டால் என்பவரும் அவர்தம் குழுவினரும் புரோலின் என்னும் அமினோ அமிலத்தை உணவிற் சேர்த்து மெலனோகாஸ்டர் புழுக்களை வளர்த்தனர். அத்துடன் அவற்றைத் தாழ்ந்த வெப்பநிலையில் வைத்து வளர்ச்சியை நிறுத்தினர். இவ்விரண்டும் சேர்ந்தபோது, உடல் நீரில் ஏறத்தாழ 50 விழுக்காடு பனியாக உறைந்த புழுக்களும் பிழைத்தன. இது 2012-இல் வெளியான செய்தி. இதற்கு முந்திய ஆண்டில், குளிர்நாட்டைச் சேர்ந்த கைமோமைசா என்னும் உறவினத்தின் புரோலின் மிகுந்த புழுக்கள், பூச்சியத்திற்குக் கீழ் 196 டிகிரியிலுள்ள திரவ நைட்ரஜனில் உறைந்தும் உயிர் தப்பியமையை இக்குழுவினரே காட்டியிருந்தனர்.

இதனை வெறும் விந்தையெனத் தள்ளிவிடுதல் தவறு. பரம்பரையியல் ஆய்வகங்களில் ஈயின் வகைகளைச் சில வாரங்களுக்கு ஒருமுறை புது உணவுக் குப்பிக்கு மாற்றி, உயிருடனேயே காத்துவருவது வழக்கம். பூஞ்சணம் பற்றினாலோ, பணியாளர் ஒரு முறை தவறினாலோ பல்லாண்டு காத்த வகை அழிந்துபோகும். விதையைப்போல் உறையவைத்துச் சேமிக்கும் முறை எளிதாயின் இவ்விடர் பெரிதும் நீங்கும்.

பள்ளியாசிரியர் இச்சோதனையின் எளிய வடிவத்தை வகுப்பிலேயே செய்து காட்டலாம். பழக்கடை ஈயைத் தரும். மீன்கடை பனிக்கட்டியைத் தரும். இரண்டும் ஒரே சந்தையில் கிடைப்பவை. ஒரே கூட்டத்து ஈக்களின் முட்டைகளை இரு குப்பிகளில் இட்டு, ஒன்றில் ஈஸ்ட்டையும் மற்றொன்றில் வெல்லத்தையும் மிகுதியாகச் சேர்த்து வளர்க்கவேண்டும். வெளிவந்த ஈக்களுள் வயது ஒத்தவற்றையே எடுத்து, ஆணையும் பெண்ணையும் தனித்தனியே பிரித்து, பனிக்கட்டியில் ஒரே அளவு நேரம் வைத்து, எழும் நேரத்தைக் கடிகாரங்கொண்டு குறிக்கவேண்டும். குப்பிக்குள் பனிநீர் கசியாதவாறு வாயை இறுக அடைத்தல் இன்றியமையாதது. நனைந்த ஈ எழத் தாமதிப்பது குளிரினாலா, நீரினாலா என்று பின்னர்ப் பிரித்தறிய இயலாது.