மூழ்குகிறவர் கத்துவதில்லை

சினிமாவில் ஆற்றில் விழுந்தவர் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டுவார். ஊருக்கே கேட்கும்படி "காப்பாத்துங்க" என்று அலறுவார். நிஜத்தில் மூழ்குகிறவரிடமிருந்து பெரும்பாலும் ஒரு சத்தமும் வராது. உயிர்காப்பாளர் பயிற்சிக்கு வருகிறவர் முதலில் மறக்க வேண்டியது இந்தச் சினிமாக் காட்சியைத்தான்.

இதைக் கண்ணெதிரே காட்டியவர் பிராங்க் பியா. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்தவர். உண்மையாகவே மூழ்கத் தொடங்கியவர்களையும் அவர்கள் மீட்கப்பட்டதையும் படமெடுத்து, 1970 வாக்கில் அதைப் பயிற்சிப் படமாக ஆக்கினார். அவர் கவனித்தவை இவை: உடம்பு நீருக்குள் செங்குத்தாக நிற்கிறது. கால்கள் உதைப்பதில்லை. கைகள் இருபுறமும் விரிந்து, கண்ணுக்குத் தெரியாத ஏணியில் ஏறப் பார்ப்பதுபோல் நீரைக் கீழே அழுத்துகின்றன. வாய் மேலே வருகிறது, உள்ளே போகிறது. மேலே இருக்கும் அந்தச் சிறு நேரம் மூச்சை விட்டு இழுக்கவே போதவில்லை. மூச்சு மிஞ்சினால்தானே பேச்சு? இந்தப் போராட்டம் 20 முதல் 60 நொடி வரை நீடிக்கும் என்றார் பியா. அதன்பின் ஆள் உள்ளே போய்விடுவார். நான்கடி தள்ளிக் குளித்துக்கொண்டிருக்கும் அண்ணனுக்கு, தம்பி ஏதோ விளையாடுகிறான் என்றுதான் தோன்றும்.

கையை ஆட்டிக் கூப்பிட முடிகிறவர் இன்னும் கொஞ்சம் தெம்போடு இருப்பவர். கூப்பிடாதவரைத்தான் காப்பாளர் தேட வேண்டும். கரையில் உட்கார்ந்து சும்மா பார்ப்பதற்கும் சம்பளமா என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிப் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதை 1940களிலேயே பிரிட்டிஷ் உளவியலாளர் நார்மன் மாக்வொர்த் சோதித்துவிட்டார். ரேடார் திரையை மணிக்கணக்கில் கவனிப்பவர்களுக்காக அவர் செய்த ஆய்வில், முதல் அரை மணி நேரத்திலேயே கவனம் சரியத் தொடங்கியது. நீச்சல் குளங்களில் காப்பாளர்களை அடிக்கடி இடம் மாற்றுவதற்கு இதுதான் காரணம்.

சரி, கைகள் ஏன் நீரை அழுத்துகின்றன? மனித உடம்பின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியை ஒட்டியே இருக்கிறது. நுரையீரல் நிறைய மூச்சை இழுத்து வைத்தால் பெரும்பாலோர் மிதப்போம். முழுதாக விட்டுவிட்டால் பலர் மூழ்குவோம். 60 கிலோ எடையுள்ளவர் மூச்சை நிறைத்துக்கொண்டு ஆற்று நீரில் அசையாமல் இருந்தால், அவர் உடம்பில் ஏறத்தாழ 2 கிலோதான் வெளியே தெரியும். தலையும் கழுத்தும் மட்டுமே 5 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். நேராக நின்றபடி தலை முழுவதையும் வெளியே வைத்திருக்க வேண்டுமென்றால், கையோ காலோ ஓயாமல் வேலை செய்தாக வேண்டும். ஒரு கையின் எடை சுமார் 3 கிலோ. உதவி கேட்க அதை மேலே தூக்கினால், அதுவரை நீர் தாங்கிக்கொண்டிருந்த அந்த எடை தலைமேல் ஏறிக்கொள்கிறது. மூக்கு உள்ளே போகிறது.

மல்லாந்தால் கணக்கு மாறிவிடும். பிடரியும் காதுகளும் நீருக்குள் போய், முகம் மட்டும் வெளியே நிற்கும். 2 கிலோவுக்குள் மூக்கும் வாயும் தாராளமாக அடங்கிவிடும். கடலில் இன்னும் சுலபம்: உப்புநீரின் அடர்த்தி ஏறத்தாழ 2.5 விழுக்காடு கூடுதல் என்பதால் மேலும் ஒன்றரை கிலோ வெளியே நிற்கும். நம் கிராமத்துக் கிணறுகளில் பிள்ளைகளின் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கினார்கள். பிறகு பிளாஸ்டிக் கேனும் லாரி டியூபும் வந்தன. குடுக்கை செய்யும் வேலையை நுரையீரலே ஓரளவு செய்யும். காதில் தண்ணீர் ஏறும்போது தலையை வெடுக்கென்று தூக்காமல் இருக்கப் பழக வேண்டும், அவ்வளவுதான். எனக்குத் தோன்றுவதைச் சொன்னால், குறுக்கே நீந்திக் காட்டும் பிள்ளையைவிட ஐந்து நிமிடம் மல்லாந்து கிடக்கத் தெரிந்த பிள்ளையைத்தான் நம்பி ஆற்றுக்கு அனுப்பலாம்.

காப்பாற்றப் போகிறவரின் கதை வேறு. மூழ்குகிறவருக்குத் தேவை மிதக்கும் ஏதோ ஒன்று. பக்கத்தில் வருகிற ஆள்தான் அது என்றால் அவர் தோளில் ஏறி அழுத்துவார். பெற்ற தாயாக இருந்தாலும் அப்படித்தான். ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவர் இறந்த செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுவே இருக்கும். அப்படிப் பிடிபட்டால் தானும் நீருக்கடியில் போகும்படி காப்பாளர்களுக்குக் கற்றுத் தருகிறார்கள். மேலே போகத் துடிப்பவர் கீழே போகிறவரை விட்டுவிடுவார். மற்றவர்களுக்கான பாடம் சின்னது: கரையிலிருந்தே கம்பை நீட்டு, கயிற்றை வீசு, காலிக் கேனை எறி.

2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் இளைஞர்கள் நான்கு பேர் நீரில் தத்தளித்தார்கள். அங்கிருந்த மூன்று பெண்கள் தாங்கள் உடுத்தியிருந்த சேலைகளை அவிழ்த்து வீசினார்கள். இரண்டு பேர் பிழைத்தார்கள். மற்ற இருவரை மீட்க முடியவில்லை. அந்தப் பெண்களுக்குத் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது வழங்கியது. சேலையின் நீளம் ஐந்தரை மீட்டர். எட்டிப் பிடிக்க வாகான, கைக்கு வழுக்காத கயிறு அது.

கரையேற்றிய பிறகும் தப்பு செய்ய இடமிருக்கிறது. வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது என்று நம்மூரில் பார்க்கிறோம். சிரிக்க வேண்டாம், 18ஆம் நூற்றாண்டு லண்டனில் மூழ்கியவரின் ஆசனவாய் வழியாகப் புகையிலைப் புகையைத் துருத்தியால் ஊதினார்கள், அதற்கான கருவிகளைத் தேம்ஸ் கரையோரம் தயாராகவும் வைத்திருந்தார்கள். மூழ்கியவரின் இதயம் நிற்பது ஆக்சிஜன் தீர்ந்துபோவதால். ஆகவே மூச்சில்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், பிறகு மார்பை அழுத்த வேண்டும். வயிற்றை அமுக்கினால் வாந்தி வந்து மூச்சுக்குழலில் இறங்கும். பொன்னான நிமிடங்களும் போகும்.

இதையெல்லாம் கற்றுத்தர நீலநிற ஓடு பதித்த குளம் வேண்டும் என்பதில்லை. வீட்டுக்கு வீடு குட்டை இருக்கும் வங்கதேசக் கிராமங்களில், அந்தக் குட்டைகளிலேயே மூங்கில் தளம் கட்டி, 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 'சுவிம்சேப்' என்ற பயிற்சியைத் தந்தார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும், அரை நிமிடம் மிதக்க வேண்டும், கரையில் நின்றபடி இன்னொரு பிள்ளையை மீட்கத் தெரிய வேண்டும். நீச்சல் தெரிந்த துணிச்சலில் பிள்ளைகள் ஆழத்துக்குப் போய்விடுவார்களோ என்ற பயம் அப்போது பலருக்கு இருந்தது. 2012இல் ஆய்வு முடிவு வெளிவந்தது. கற்றுக்கொண்ட பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது, கற்காதவர்களோடு ஒப்பிட்டால், 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது.