பாலியத்தச்சன்: வாளும் கோயிலும் அமைச்சும்

பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் சித்தூர், 1949 வரை கொச்சி இராச்சியத்தைச் சேர்ந்த தாலுகா. அங்குள்ள நம் தமிழ்க் குடிகளின் பாட்டன்மாரும் கொச்சி அரசுக்கே வரி செலுத்தினர். அக்கொச்சியின் அரியணைக்கு அருகே பதினேழாம் நூற்றாண்டிலிருந்து வழிவழியாக நின்றது ஒரு குடும்பம். பெரியாற்றங்கரைச் சேந்தமங்கலத்துப் பாலியம் என்னும் நாயர் மாளிகையே அது. கொச்சியிற் பாதி பாலியத்துக்கு என்று மலையாளத்தில் பழமொழியே உண்டு.

பிரான்சு தேசத்துப் பிரபு வீடுகளில் ஒரு மகன் வாளெடுப்பான், மற்றொருவன் திருச்சபையில் சேர்வான், வேறொருவன் அரசவை புகுவான். மூன்று வழிகளிலும் குடும்பம் உயரும். பாலியத்திலோ மூன்றும் ஒருவர் தலையிலேயே வந்து தங்கின. பெண்வழியில் வந்த ஆடவருள் வயதில் மூத்தவர் ‘அச்சன்’ ஆவார். அவரே படைத்தலைவர், அவரே பல கோயில்களின் ஊராளர், அவரே அரசரின் முதலமைச்சர். பிரதம மந்திரி என்று இதனை மொழிபெயர்க்க நமக்குத் தயக்கமே. மன்னர் நினைத்தால் நீக்கிவிடக்கூடிய அமைச்சரல்லர் இவர்.

குடும்பத்தின் செல்வாக்கை நிலைநாட்டியது டச்சுக்காரரின் வருகை. போர்த்துக்கேசியர் தமக்கு இசைந்தவர்களைக் கொச்சி அரியணையில் அமர்த்த, உரிமை இழந்த இளவரசர் வீரகேரள வர்மர் டச்சுக்காரரை நாடினார். அவர் பக்கம் நின்றவர் பாலியத்தச்சன். 1663ஆம் ஆண்டு சனவரியில் கொச்சிக் கோட்டை வீழ்ந்தது, இளவரசர் முடிசூடினார். அச்சனுக்கு டச்சுக்காரர் கட்டித் தந்ததாகக் கூறப்படும் மாளிகை சேந்தமங்கலத்தில் இன்றும் உள்ளது.

கோயிற் பொறுப்பும் பெயரளவானதன்று. ஆய் மன்னர் விக்கிரமாதித்த வரகுணர் ஸ்ரீமூலவாசத்துப் பௌத்தப் பள்ளிக்கு நிலமளித்த செப்பேடு, பாலியத்தார் வசம் இருந்தமையாலேயே பாலியச் செப்பேடு எனப் பெயர் பெற்றது. அதில் ஒரு பகுதி தமிழ் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

1790 முதல் 1805 வரை ஆண்ட சக்தன் தம்புரான் பிரபுக்களின் வலிமையை ஒடுக்கினார். அவருக்குப் பின் அச்சன் கோவிந்த மேனோன் மீண்டும் ஓங்கினார். திருவிதாங்கூர் வேலுத்தம்பி தளவாயுடன் கைகோத்து, 1808 டிசம்பர் 28ஆம் நாள் இரவு, கொச்சியில் ஆங்கில ரெசிடெண்டு மெக்காலேயின் இல்லத்தைத் தாக்கினார். மெக்காலே தப்பிவிட்டார். 1809 பிப்ரவரி இறுதிக்குள் அச்சன் பணிந்தார். வேலுத்தம்பியோ பணியாமல் உயிர்விட்டார். பணிந்தும் பயனில்லை. அச்சனைச் சென்னைக்கும், பின்னர்க் காசிக்கும் அனுப்பினர்; அங்கேயே மாண்டார். பரம்பரை அமைச்சுப் பதவி அவரோடு முடிந்தது.

பதவி போயினும் நிலமும் கோயில்களும் நின்றன. பழைய கட்டுப்பாடுகளும் நின்றன. மாளிகையையும் கோயிலையும் ஒட்டிய சாலையில், தாழ்ந்த சாதியார் எனப்பட்டோர் நடத்தல் ஆகாது. நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டின் டிசம்பரில் மக்கள் அச்சாலையில் சத்தியாக்கிரகம் தொடங்கினர். ஏறக்குறைய நூறு நாள் நடந்த அப்போராட்டத்தில் உயர்குலப் பெண்டிரும் கலந்துகொண்டனர். 1948 மார்ச்சில் போலீசாரின் தடியடியில் ஏ. ஜி. வேலாயுதன் உயிர்நீத்தார். ஆலயப் பிரவேச உரிமை கொச்சியில் நடைமுறைக்கு வந்தபின் சாலை திறந்தது.

டச்சுக்காரர் பெயரால் வழங்கும் மாளிகை இப்போது அருங்காட்சியகம். சித்தூரிலிருந்து அதைக் காணச் செல்வோர் எக்குலத்தவராயினும் அந்தச் சாலையில் தடையின்றி நடக்கலாம்.