2 கிரெடிட் பாடம் போதுமா? ஓரகடம் எதிர்பார்க்கும் இன்ஜினீயர்கள்!

கிருத்திகை நாளில் வல்லக்கோட்டை முருகனைத் தரிசிக்கக் கூட்டம் அலைமோதும். அதே வட்டாரச் சாலைகளில் கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் வரிசைகட்டும். ஒரு பக்கம் ஓரகடம், இன்னொரு பக்கம் வல்லம் வடகால், சற்றுத் தள்ளி ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை. கார், லாரி, பைக், டயர், கண்ணாடி, செல்போன் என இங்கே தயாராகும் பொருள்களின் பட்டியல் நீளமானது. 1998-ல் ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் சான்ட்ரோ கார்கள் வெளிவந்த பிறகு வேகமெடுத்த வளர்ச்சி இது. பிள்ளையை இன்ஜினீயரிங் சேர்த்துவிட்டால் இந்த வட்டாரத்திலேயே வேலை கிடைத்துவிடும் என்பது பல பெற்றோரின் கணக்கு.

அந்தக் கணக்கில் இப்போது ஒரு புதுப் பாடமும் சேர்ந்திருக்கிறது. அதன் பெயர் ‘சஸ்டெயினபிலிட்டி’, தமிழில் நிலைத்தன்மை. இன்று நாம் தயாரிப்பதும் பயன்படுத்துவதும், நாளைய தலைமுறைக்கான தண்ணீரையும் மண்ணையும் காற்றையும் காலி செய்துவிடக் கூடாது என்பதே இதன் சாரம்.

சென்னையின் கழிவுநீர், இங்கே மூலதனம்

பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ‘ஏரிகள் மாவட்டம்’ என்றே பெயர். ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. 2015 டிசம்பரில் அந்தச் செம்பரம்பாக்கம் நிரம்பித் தண்ணீர் திறக்கப்பட்டபோது அடையாற்றின் கரைகள் மூழ்கின. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், அதே ஏரி வறண்டு தரை பாளம் பாளமாக வெடித்தது.

ஊருக்கே குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது தொழிற்சாலைக்கு எங்கிருந்து கொடுப்பது? அதற்கான ஒரு விடை 2019-ல் கோயம்பேட்டில் செயல்பாட்டுக்கு வந்தது. சென்னைக் குடிநீர் வாரியம் அங்கே அமைத்த நிலையம், நகரத்தின் கழிவுநீரை மூன்றாம் கட்டமாகச் சுத்திகரித்து, ஆர்.ஓ. முறையில் வடிகட்டுகிறது. நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தயாரிக்கும் திறன் கொண்டது. இந்தத் தண்ணீர் குழாய் வழியே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம் பகுதித் தொழிற்பேட்டைகளுக்கு வருகிறது.

இதில் எத்தனை படிப்புகள் கலந்திருக்கின்றன, பாருங்கள். குழாய் பதிப்பது சிவில். பம்ப், மெக்கானிக்கல். அதை ஓட்டும் மின்சாரம், எலெக்ட்ரிக்கல். சவ்வில் அடைப்பு வராமல் காப்பது கெமிக்கல். தரத்தை நொடிக்கு நொடி கண்காணிப்பது இன்ஸ்ட்ருமென்டேஷன். ஆர்.ஓ. ஒதுக்கித் தள்ளும் உப்புச் செறிந்த நீரை என்ன செய்வது என்பது எல்லோருக்குமான கேள்வி. தனியாக ஒரு ‘சுற்றுச்சூழல் சார்’ வந்து இதற்கெல்லாம் பதில் சொல்லிவிட முடியாது.

பாடமாக வந்த கதை

கல்வியின் எல்லா நிலைகளிலும் சுற்றுச்சூழல் கட்டாயப் பாடமாக வேண்டும் என்று எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-ல் உத்தரவிட்டது. 2003-ல் நீதிமன்றம் மீண்டும் அழுத்திச் சொன்ன பிறகு, இளநிலைப் பட்டப்படிப்பு மாணவர்கள் அனைவருக்குமான ஆறு மாதப் பாடம் நடைமுறைக்கு வந்தது.

ஆனால், பாடம் வந்த அளவுக்கு மதிப்பு வரவில்லை. ஏ.ஐ.சி.டி.இ. 2018-ல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தில் பட்டத்துக்கு 160 கிரெடிட். சுற்றுச்சூழல் அறிவியல் கட்டாயம்தான். ஆனால், அதற்கு கிரெடிட் கிடையாது! அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டம் ஒரு படி மேலே போனது. பாடத்தின் பெயரிலேயே ‘நிலைத்தன்மை’யைச் சேர்த்து, 2 கிரெடிட் கொடுத்தது. கூடுதலாக 18 கிரெடிட் படிப்பவர்கள் ‘சுற்றுச்சூழலும் நிலைத்தன்மையும்’ என்ற மைனர் பட்டம் பெறவும் வழி செய்தது.

நல்ல தொடக்கம். ஆனாலும், ஒரு செமஸ்டரில் மனப்பாடம் செய்து, பரீட்சை எழுதி, மறந்துவிடும் பாடமாக இருக்கும்வரை பலன் குறைவுதான். மற்ற பாடங்களின் கணக்குகளுக்குள்ளும் அது நுழைய வேண்டும்.

ஒரு மோட்டார், ஒரு கணக்கு

10 கிலோவாட் திறனைத் தரும் மோட்டார் ஒன்று. ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடுகிறது. 85 சதவிகித செயல்திறன் உள்ளதற்குப் பதில் 93 சதவிகிதம் உள்ளதைத் தேர்ந்தெடுத்தால், ஆண்டுக்குச் சுமார் 6,000 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று வைத்தாலும் 42,000 ரூபாய்! நூறு மோட்டார்கள் ஓடும் ஆலையில் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். எலெக்ட்ரிக்கல் வகுப்பில் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கும் மாணவருக்கு, நிலைத்தன்மை என்பது மரம் நடும் விழா மட்டும் அல்ல என்பது புரிந்துவிடும்.

கம்பெனிகளுக்கும் கட்டாயம்

பங்குச்சந்தையில் முன்னணியில் உள்ள 1,000 நிறுவனங்கள், மின்சாரம், தண்ணீர், கழிவு உள்ளிட்ட விவரங்களை ஆண்டுதோறும் அறிக்கையாகத் தர வேண்டும் என்று செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீதே சுமத்தும் விதிகளும் 2022-ல் வந்துவிட்டன. இரும்பு, அலுமினியப் பொருள்களை இறக்குமதி செய்யும்போது, அவற்றைத் தயாரிக்கையில் வெளியான கார்பனுக்கும் கணக்குக் கேட்கிறது ஐரோப்பிய ஒன்றியம். அதன் பட்டியலில் போல்ட், ஸ்க்ரூ கூட உண்டு. பெரிய கார் கம்பெனிக்கு மட்டுமல்ல, அதற்கு உதிரிபாகம் செய்து தரும் சிறிய பட்டறைக்கும் இந்தக் கணக்குத் தெரிந்த இன்ஜினீயர் தேவை.

அதனால்தான் இது ஓர் ஆசிரியரின் ஆர்வத்தோடு நின்றுவிடக் கூடாது. கல்லூரி நிர்வாகமே எடுக்க வேண்டிய முடிவு. ஆசிரியர்களுக்குப் பயிற்சி, ஆய்வகத்துக்குப் பணம், ஆலைகளோடு ஒப்பந்தம் மூன்றும் சேர்ந்தால்தான் பாடம் வகுப்பறையைத் தாண்டும்.

கவுன்சலிங்குக்கு முன் கேளுங்கள்

கல்லூரியைத் தேர்வு செய்யும் பெற்றோரும் மாணவர்களும் இந்தக் கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம்:

* கல்லூரியின் கழிவுநீர் எங்கே போகிறது? சுத்திகரிப்பு நிலையத்தை மாணவர்கள் பார்க்கவும் அளக்கவும் முடியுமா?
* கடைசி ஆண்டு புராஜெக்ட்டில் மின்சாரம், தண்ணீர், கழிவுக் கணக்குக்கு மதிப்பெண் உண்டா?
* மைனர் பட்டம் பட்டியலில் மட்டும் இருக்கிறதா, உண்மையில் வகுப்பு நடக்கிறதா?
* அருகிலுள்ள ஆலைகளில் பயிற்சி என்றால், சுற்றிப் பார்ப்பதா, ஒரு பிரச்னையை எடுத்துத் தீர்ப்பதா?

பிளேஸ்மென்ட் சதவிகிதத்தை எல்லோரும் கேட்கிறார்கள். கல்லூரிகளும் பேனர் கட்டிச் சொல்கின்றன. இந்த நான்கு கேள்விகளையும் நூறு பெற்றோர் கேட்கத் தொடங்கினால், அடுத்த ஆண்டு பேனரில் அவற்றுக்கும் இடம் கிடைக்கும்.