பழைய தூண்டில் ரீலின் பழுதறிதல்

தூண்டிற்கோலின் அடியில் பொருத்தப்பட்டு, நரம்பைச் சுற்றி வைக்கவும், இரையை வீசும்போது அதை விடுவிக்கவும், மீன் சிக்கியபின் இழுத்துச் சுற்றவும் பயன்படும் ரீல், வெளித்தோற்றத்தில் எளிய உருளையாக இருப்பினும் உள்ளமைப்பில் கடிகாரத்துக்கு மிக நெருங்கிய உறவினது. கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு உருளையைப் பல முறை சுழலச் செய்யும் ரீலை அமெரிக்காவில் செய்த முன்னோடியாகக் கருதப்படும் ஜார்ஜ் ஸ்னைடர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கி மாநிலத்துப் பாரிஸ் நகரில் கடிகாரத் தொழில் செய்தவர். பிரான்சின் புகழ்பெற்ற மிட்செல் ரீல், கடிகாரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற க்ளூஸ் என்னும் மலையடிவார ஊரில் பிறந்தது. ஸ்வீடனின் ஸ்வெங்ஸ்டா என்ற சிற்றூரில் கார்ல் ஆகஸ்ட் போர்க்ஸ்ட்ரோம் 1921இல் நிறுவிய 'ஏபி ஊர்ஃபாப்ரிக்கென்' என்ற நிறுவனத்தின் பெயருக்கே கடிகாரத் தொழிற்சாலை என்பதுதான் பொருள். அப்பெயரைச் சுருக்கியே 'ஆபு' என்றாயிற்று. வாடகைக் கார்களுக்கான கட்டண மீட்டர்களையும் செய்துவந்த அந்நிறுவனம், இரண்டாம் உலகப்போர் அச்சந்தையை முடக்கியபோது ரீல் உற்பத்தியில் இறங்கி, 1952இல் 'அம்பாசடர் 5000' என்ற சிவப்பு நிற ரீலை வெளியிட்டது. அவ்வகை ரீல்கள் இன்றும் பலரிடம் ஓடிக்கொண்டிருப்பதால், பழுதறியும் முறையை விளக்க அதுவே பொருத்தமான எடுத்துக்காட்டு.

திருப்புளியை எடுப்பதற்கு முன் ரீலைச் சுழற்றிப் பார்க்கவும் காது கொடுத்துக் கேட்கவும் வேண்டும். கைப்பிடியை மெதுவாகச் சுற்றும்போது 'டிக்' என்ற ஒலியோ சிறு தட்டலோ தென்பட்டால், அது எத்தனை சுற்றுக்கு ஒரு முறை வருகிறது என்று எண்ணுவதே பழுதறிதலின் மையம். அம்பாசடர் 5000இல் கைப்பிடி ஒரு முறை சுற்றினால் உருளை ஏறத்தாழ மூன்றரை முறை சுழலும். எனவே கைப்பிடியின் சுற்றுக்கு ஒரு முறை மட்டும் தட்டல் வந்தால் பழுது கைப்பிடியோடு சுழலும் பெரிய பல்சக்கரத்திலும், மூன்று அல்லது நான்கு முறை வந்தால் அதனோடு பொருந்திய சிறு பல்சக்கரத்திலோ உருளையின் தண்டிலோ இருக்கும். பல சுற்றுகளுக்கு ஒரு முறை, நரம்பின் வழிகாட்டி ஓரத்தை எட்டும் நேரத்தில் மட்டும் தட்டினால், தேட வேண்டிய இடம் முற்றிலும் வேறு, அது பின்னர் காணவுள்ள நரம்புப் பரப்பி. அடுத்து, விடுவிப்புப் பொத்தானை அழுத்தி உருளையை மட்டும் விரலால் சுண்டிவிட வேண்டும். அது ஒலியின்றிச் சோம்பலாக நின்றால் எண்ணெய் கெட்டிப்பட்டிருக்கிறது. கரகரத்தால் பேரிங்கிலோ புஷ்ஷிலோ மணல் அல்லது துரு உள்ளது. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து நின்றால் தண்டு வளைந்திருக்கவோ உருளை நெளிந்திருக்கவோ கூடும். இவ்வளவையும் ஒரு திருகைக்கூடத் தொடாமலே அறியலாம்.

பழைய ரீல்களில் காணும் குறைகளில் பெரும்பாலானவை தேய்மானம் அல்ல, கிரீஸின் முதுமையே. எண்ணெயைச் சோப்புத்தன்மையுள்ள கெட்டிப்பொருளில் தேக்கி வைத்த கலவையே கிரீஸ். பல்லாண்டுகள் கிடக்கும்போது எண்ணெய் கசிந்தும் காற்றோடு வினைபுரிந்தும் போய்விட, மெழுகு போன்ற பழுப்புச் சக்கை மட்டும் எஞ்சுகிறது. பித்தளைப் பாகங்களை ஒட்டி இருக்கும் கிரீஸ், செம்போடு வினைபுரிந்து பச்சை நிறமும் அடைகிறது. மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் இவ்விரண்டையும் போக்கப் போதும். ஆனால் தோல், நார், பிளாஸ்டிக் பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறவிடலாகாது. அலுமினியத்தின் மேல் மின்வேதி முறையில் ஏற்றப்பட்ட சிவப்புப் பூச்சைக் காரம் அரித்துவிடும் என்பதால், சலவைச் சோடாவை அருகிலேயே கொண்டுவரக் கூடாது.

அதிகக் கவனம் கோருவது நரம்புப் பரப்பி. நரம்பு ஒரே இடத்தில் குவியாமல் உருளை முழுதும் சீராகப் படிய, வழிகாட்டியை இடமும் வலமும் ஓட்டும் அமைப்பு இது. இதன் உயிர், ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இரு திருகுவரிகள் பொறித்த தண்டும், அவ்வரியில் பதிந்து ஓடும் பிறை வடிவ நாக்கும் ஆகும். ஓரத்தை அடைந்ததும் நாக்கு தானே சற்றுத் திரும்பி எதிர்த்திசை வரிக்குள் நுழைவதால்தான், தண்டு ஒரே திசையில் சுழன்றும் வழிகாட்டி போய்த் திரும்புகிறது. நாக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், நல்ல நாக்கின் பிறை விளிம்பு தட்டையாகவும், தேய்ந்த நாக்கின் விளிம்பு கத்திபோல் மெலிந்து பளபளத்தும் தெரியும். வழிகாட்டி ஓரத்தில் சிக்கி நிற்கும்போது கைப்பிடியைப் பலம்கொண்டு சுற்றுவதே இந்த ரீல்களுக்கு இழைக்கப்படும் பெருங்கொடுமை. சிறு நாக்கோடு முடிந்திருக்க வேண்டிய பழுது, அதனால் பல்சக்கரத்தின் பற்களையும் தின்றுவிடுகிறது. தண்டின் வரியோரங்கள் கூர்மையாகிவிட்டிருந்தால் புது நாக்கு மட்டும் போதாது, தண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

வீசும்போது நரம்பு தாறுமாறாகச் சிக்குவதாக வரும் முறையீட்டுக்குக் காரணம் பெரும்பாலும் மிளகளவுள்ள ஒரு பொருள். வீச்சின் தொடக்கத்தில் வேகமெடுக்கும் உருளை, இரை காற்றில் வேகம் குறைந்த பின்னும் அதே வேகத்தில் ஓடி வேண்டாத நரம்பை அவிழ்த்துவிடும். இதைத் தடுக்க, உருளையின் தண்டுக்குக் குறுக்கே உள்ள ஊசியில் இரு சிறு கட்டைகள் கோக்கப்பட்டுள்ளன. சுழற்சியால் அவை வெளிநோக்கித் தள்ளப்பட்டு, சுற்றியுள்ள வளையத்தில் உரசி வேகத்தைத் தணிக்கின்றன. முன்பு யாரோ ரீலைத் திறந்தபோது இக்கட்டைகளில் ஒன்று தெறித்துத் தொலைந்திருப்பதும், வளையத்தில் எண்ணெய் படிந்திருப்பதும் அடிக்கடி காணப்படுபவை. அதனால் வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் ரீலைத் திறப்பதும், கழற்றிய வரிசையிலேயே பாகங்களை அடுக்குவதும் நல்ல வழக்கம்.

பெரிய மீன் இழுக்கும்போது நரம்பு அறுந்துவிடாமல் உருளையைச் சறுக்கவிடும் இழுவைத் தடை, பெரிய பல்சக்கரத்துக்குள் அடுக்கிய வட்டுகளைக் கைப்பிடியருகே உள்ள நட்சத்திரச் சக்கரத்தால் அழுத்தி இயங்குகிறது. நரம்பைக் கையால் சீராக இழுக்கும்போது அது விட்டுவிட்டுக் குலுங்கி வந்தால், வட்டுகள் எண்ணெய் பட்டோ வழவழப்பேறியோ இருக்கின்றன. சறுக்கத் தொடங்கத் தேவையான விசை, சறுக்கலைத் தொடரத் தேவையான விசையைவிட வெகுவாக மிகுந்துவிடுவதே அக்குலுங்கலுக்குக் காரணம். பழமையைப் போற்றுவோரும் தயங்காமல் ஏற்க வேண்டிய மாற்றம், இவ்விடத்தில் கார்பன் இழை வட்டுகளைப் பொருத்துவதாகும். பழைய வட்டுகளை உறையிலிட்டு ரீலோடு வைத்திருந்தால் அதன் வரலாறும் கெடுவதில்லை.

மீண்டும் பூட்டும்போது பல்சக்கரங்களுக்கு மெல்லிய பூச்சாகக் கிரீஸும், பேரிங்குகளுக்கும் திருகுவரித் தண்டுக்கும் ஓரிரு துளி இலகு எண்ணெயும் போதுமானவை. உருளையின் பேரிங்கில் கிரீஸை அடைத்தால் வீச்சுத் தூரம் உடனே குறையும். இறுகிய திருகுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரவு காத்திருந்து, காடிக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் திறக்க வேண்டும். ரீலைப் பயன்படுத்தாது வைக்கும் நாள்களில் நட்சத்திரச் சக்கரத்தை முழுதும் தளர்த்தியே வைக்க வேண்டும். இறுகிய நிலையில் கிடந்தால் வட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.