பனிச்சாலையில் உப்பு: காரணமும் விளைவும்

மாணவர்களே, நம் ஊரில் பனி விழுவதில்லை. அதனால்தான், "குளிர்நாடுகளில் சாலையில் ஏன் உப்பு தூவுகிறார்கள்?" என்று கேட்டால், "உப்பு சூடு, பனியை உருக்கிடும்" என்று பலர் எழுதிவிடுகிறீர்கள். அது தவறு.

கனடாவின் டொராண்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். பனி கொட்டியதும், முன்புறம் பெரிய தகடு பொருத்திய லாரிகள் அதை ஓரம் தள்ளும். தரையோடு ஒட்டிய பனிக்கட்டி லேசில் வராது. அதற்குத்தான் உப்பு. தூய நீர் 0 பாகை செல்சியஸில் உறையும். உப்புநீர் உறைய அதைவிடக் குளிர் வேண்டும். ஆக, உப்பு சூடாக்குவதில்லை, உறைநிலையைத் தாழ்த்துகிறது. ஆசிரியர்களே, ஐஸ்கட்டியில் உப்பைக் கலந்து வெப்பமானி வைத்துக் காட்டுங்கள். வெப்பநிலை 0-க்குக் கீழே இறங்கும். குளிர் ஏறக்குறைய −10 பாகையைத் தாண்டினால் சாதாரண உப்பு சரியா வேலை செய்யாது. அப்போது கால்சியம் குளோரைடு சேர்ப்பார்கள், அல்லது பிடிமானத்துக்கு மணல் போடுவார்கள்.

சரி, காருக்கு என்ன ஆகும்? துருப்பிடித்தல் ஒரு மின்வேதி வினை. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அது வேகமாகும். மேலே சாயம் பளபளக்கும். அடியில் பிரேக் எண்ணெய் செல்லும் இரும்புக் குழாய் அரித்துக்கொண்டிருக்கும். அது ஓட்டையானால் பிரேக் பிடிக்காமல் போகலாம். வழுக்காமல் காத்த அதே உப்பே உயிருக்கு உலை வைத்துவிடும்! அதனால்தான் அங்கே குளிர்காலத்திலும் காரின் அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறார்கள்.

தேர்விலும் இதே வரிசையில் எழுதுங்கள்: செயல், காரணம், நன்மை, பாதிப்பு, தீர்வு. 'ஏன்' என்பதற்கு விடை சொல்லாத கட்டுரை விளக்கக் கட்டுரை ஆகாது.