பந்தய வண்டியில் மீளும் ஆற்றல்

ஆற்றல் அழிவதில்லை, ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்திற்கு மாறுகிறது. விஞ்ஞானப் பாட நூல்கள் கூறும் இவ்வுண்மைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு சிங்கப்பூரிலேயே உண்டு. மரினா பே வட்டாரத் தெருக்களில் நடைபெறும் பார்முலா ஒன் மோட்டார்ப் பந்தயமே அது. 2008 செப்டம்பரில் தொடங்கிய இப்பந்தயம், அவ்வகைப் பந்தயங்களுள் இரவில் நடத்தப்பெற்ற முதலாவதாகும்.

2023இல் மாற்றியமைக்கப்பட்டபோது பந்தயப் பாதையின் நீளம் 4.94 கிலோமீட்டர். இதில் 19 வளைவுகள் உள்ளன. வண்டிகள் 62 சுற்றுகள் ஓடவேண்டும். நேர்ப்பாதையில் விரைந்து வரும் வண்டி ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். ஓட்டுநருடன் 800 கிலோகிராம் எடையுள்ள வண்டியொன்று மணிக்கு 300 கிலோமீட்டரிலிருந்து 100 கிலோமீட்டருக்கு வேகத்தைக் குறைக்கிறது எனக் கொள்வோம். அப்போது அது இழக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 25 லட்சம் ஜூல். ஒரு கிலோகிராம் பெட்ரோலில் உள்ள ஆற்றலோ ஏறத்தாழ 430 லட்சம் ஜூல். எஞ்சின் அதில் பாதியைப் பயன்படுத்தவல்லதாயினும், இழந்த வேகத்தை மீண்டும் பெற 120 கிராம் அளவு பெட்ரோலை எரிக்க வேண்டும். இழந்த ஆற்றல் எங்கே போயிற்று? சிறிது காற்றைத் தள்ளுவதிலும், பெரும்பகுதி பிரேக் தட்டுகளின் வெப்பத்திலும் போயிற்று. இரவில் அத்தட்டுகள் செந்நிறமாய் ஒளிர்வது இதனால்தான்.

இவ்விழப்பில் ஒரு பகுதியை மீட்கும் கருவி 2009இல் பார்முலா ஒன் பந்தயங்களில் அனுமதிக்கப்பட்டது. வேகம் குறையும்போது சக்கரங்களின் சுழற்சி ஒரு மின்னாக்கியைச் சுழற்றும்; பிறந்த மின்சாரம் மின்கலத்தில் சேரும். வேகம் வேண்டும்போது அதே கருவி மோட்டாராக மாறி வண்டியை உந்தும். பந்தயத்திலிருந்தே புதுமைகள் தெருவுக்கு வருகின்றன என்பது பொதுக் கருத்து. இங்கோ நிகழ்ந்தது அதற்கு மாறானது. இம்முறையைக் கையாளும் டொயோட்டா பிரியஸ் 1997இலேயே ஜப்பானில் விற்பனைக்கு வந்துவிட்டது.

2014இல் விதிகள் மேலும் கடுமையாயின. ஒரு பந்தயத்துக்கு 100 கிலோகிராம் எரிபொருளே உண்டு என வரையறுக்கப்பட்டது. முன்னர் ஏறத்தாழ 150 கிலோகிராம் செலவாயிற்று. 2019இல் இவ்வரம்பு 110 கிலோகிராமாக உயர்ந்தது. 2.4 லிட்டர் எஞ்சினுக்குப் பதில் 1.6 லிட்டர் எஞ்சின் வந்தது. பிரேக்கிலிருந்து மின்சாரம் பெறும் கருவியோடு, புகைபோக்கி வழியே வெளியேறும் சூடான வாயுவிலிருந்து மின்சாரம் பெறும் மற்றொரு கருவியும் சேர்ந்தது. இதன் பயன் பெரிது. பழைய எஞ்சின்கள் எரிபொருளின் ஆற்றலில் நூற்றுக்கு 30 பங்கையே உந்துவிசையாக மாற்றின. புதிய எஞ்சின் சோதனைக்கூடத்தில் 50 பங்கைக் கடந்துவிட்டதென மெர்சிடிஸ் நிறுவனம் 2017இல் அறிவித்தது.

எனினும் இரண்டு உண்மைகளை மறத்தலாகாது. முதலாவது, மீட்கப்படுவது புதிய ஆற்றலன்று. முன்னர்ச் செலவிட்டதில் ஒரு சிறு பகுதியே. 120 கிலோவாட் மின்னாக்கி இரண்டு விநாடியில் பெறுவது 2.4 லட்சம் ஜூல்தான். மேலே கூறிய இழப்பில் அது பத்தில் ஒரு பங்கு. இரண்டாவது, மீட்பதற்கும் செலவுண்டு. புகைவாயுக் கருவி மிகத் திறமையானதே. ஆயினும் நிமிடத்திற்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் சுழலும் அதனைச் செய்வது கடினம், விலையும் அதிகம். தெரு வண்டிகளில் அது பரவவில்லை. ஆகவே 2026ஆம் ஆண்டு விதிகள் அதனைக் கைவிட்டன. பிரேக் ஆற்றலை மீட்கும் கருவியின் திறனையோ 350 கிலோவாட்டாக உயர்த்தின.

அன்றாட வாழ்வுக்கு இதனால் என்ன பயன்? சிராங்கூன் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 1,500 கிலோகிராம் எடையுள்ள டாக்சி, சிவப்பு விளக்கைக் கண்டு நிற்கிறது. அது இழப்பது ஏறத்தாழ 1.45 லட்சம் ஜூல். ஏறத்தாழ மூன்றரைக் கிராம் பெட்ரோலில் உள்ள ஆற்றலுக்குச் சமம். ஒரு முறைக்கு இது சிறிதே. தேக்காவிலிருந்து விமான நிலையம் வரை நாள் முழுதும் நின்று நின்று ஓடும் டாக்சிக்கோ இது சிறுதுளி பெருவெள்ளம். கலப்பு எஞ்சின் டாக்சிகள் நகரில் பெருகியதற்கு இது முதன்மையான காரணம். எம்.ஆர்.டி. ரயில்களும் நிற்கும்போது இவ்வாறே மின்சாரத்தைத் திருப்பித் தருகின்றன.

வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்னும் விதியை மாணவர் மனத்திற் பதிக்க, பந்தய வண்டியின் கணக்கும் டாக்சியின் கணக்கும் ஒருங்கே உதவும். எரிபொருளை மிச்சப்படுத்த முதல்வழி வேண்டாத வேகத்தைத் தவிர்ப்பது. மீட்பது அதற்கு அடுத்ததே என்பதையும் அக்கணக்கே அவர்களுக்குக் காட்டும்.